பழைய பைக்: அறிகுறி பார்த்து வாங்கும் வழிமுறை

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு 26,000 ரூபாய்க்கு 125 சிசி வண்டி ஒன்றை வாங்கினேன். இன்ஜினில் ‘டிக் டிக்’ என்று டேப்பட் (வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்) சத்தம் கேட்டது. அதைக் காட்டிப் பேரம் பேசி 2,000 ரூபாய் குறைத்துவிட்டு, பெரிய சாமர்த்தியசாலி என்ற நினைப்போடு வீடு வந்தேன். டேப்பட்டைச் சரிசெய்ய 150 ரூபாய்தான் ஆயிற்று. மூன்றாவது கியர் நழுவுவதை நான் கவனிக்கவே இல்லை. அதற்கு இன்ஜினை இறக்கிப் பிரித்து 7,500 ரூபாய் அழுதேன்.

பழைய வண்டி பார்க்கப் போகிற பலரும் இதே தவற்றைத்தான் செய்கிறோம். காதில் விழும் கோளாறுக்குப் பயப்படுகிறோம். அதில் பாதி சில நூறு ரூபாயில் தீர்ந்துவிடும். வளைந்த சேசிஸும் (வண்டியின் இரும்புச் சட்டம்) கடன் தீராத ஆர்.சி.யும் (பதிவுச் சான்று) சத்தமே போடாது. அதனால் என்ன தெரிகிறது, அது எதனால், எப்படி உறுதிசெய்வது, வாங்கலாமா விடலாமா என்று அறிகுறி வாரியாகவே எழுதியிருக்கிறேன். செலவுக் கணக்கெல்லாம் 100 முதல் 125 சிசி வண்டிக்குச் சாதாரணப் பட்டறையில் ஆகும் தோராயம். ஊருக்கு ஊர் மாறும்.

கையில் 40,000 ரூபாய் இருக்கிறது, தினமும் முப்பது கிலோமீட்டர் வேலைக்குப் போய்வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஸ்பிளெண்டர், ஷைன், பிளாட்டினா, ஸ்டார் சிட்டி என்ற வரிசையைத் தாண்டி யோசிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இவற்றுக்கு உதிரிபாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். ஸ்பிளெண்டர் 1994-இல் வந்த வண்டி, அதன் 97.2 சிசி இன்ஜினைப் பிரித்துப் பூட்டாத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். அதே பணத்துக்குப் பெரிய சிசி வண்டி கிடைக்கிறதே என்று ஆசை வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும்.

மூன்று தேதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் முதல் விற்ற புதிய வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டும் எரிந்துகொண்டே இருக்கும்; அணைக்கும் சுவிட்ச் கிடையாது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளில் முன், பின் பிரேக்குகள் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ்., அதற்கு மேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது, பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ‘2018 மாடல்’ என்று காட்டப்படும் வண்டியில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்ச் இருந்தால், ஒன்று சுவிட்சை மாற்றியிருக்கிறார்கள், அல்லது வருடத்தை மாற்றிச் சொல்கிறார்கள். 40,000 ரூபாய்க்கு நான் தேடுவது 2017-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட கார்புரேட்டர் வண்டியைத்தான்.

அறிகுறி: நீங்கள் போவதற்குள் இன்ஜின் சூடாக இருக்கிறது

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை, இன்ஜின் பக்கம் புறங்கையைக் கொண்டுபோவது. கதகதப்பாக இருந்தால், “கடைக்குப் போய்வந்தேன்” என்ற பதில் தயாராக இருக்கும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், பழைய இன்ஜினின் நோய்கள் பல குளிர்ந்த நிலையில்தான் வெளியே தெரியும். ஆயில் சூடாகிப் பரவிவிட்டால் பாதி மறைந்துவிடும். பேசாமல் டீ குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வாருங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவரிடம் அந்த வண்டியை வாங்க வேண்டியதில்லை.

கையில் ஒரு டார்ச், ஒரு பழைய துணி, முடிந்தால் ஸ்பார்க் பிளக் ஸ்பேனர் எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும்போதோ இருட்டிய பிறகோ போகாதீர்கள். நனைந்த பெயின்ட் எல்லாம் புதுப் பெயின்ட் போலத்தான் தெரியும்.

அறிகுறி: எளிதில் கிளம்பவில்லை

குளிர்ந்த கார்புரேட்டர் வண்டி, சோக் இழுத்து இரண்டு மூன்று உதையில் கிளம்ப வேண்டும். செல்ஃப் மட்டும் ‘டக் டக்’ என்று அடங்கிப்போய், கிக்கரில் கிளம்பினால் நோய் பேட்டரியில் இருக்கிறது. சுமார் 1,200 ரூபாய். இதற்காக வண்டியை விட வேண்டாம். ஆனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.5 வோல்ட் அளவிலும், ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரைச் சற்றுக் கொடுத்தால் 13.5-க்கும் 14.5-க்கும் இடையிலும் காட்ட வேண்டும். ஏறவே இல்லையென்றால் ரெகுலேட்டரோ காயிலோ போயிருக்கிறது. புதுப் பேட்டரி போட்டாலும் ஒரு வாரத்தில் படுத்துவிடும்.

கிக்கரில் பத்துப் பதினைந்து உதை வாங்கினால், கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்திப் பாருங்கள். நல்ல இன்ஜினில் ஓரிடத்தில் உள்ளே காற்றை அமுக்குவதுபோல எதிர்ப்புத் தெரியும். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கிக்கர் இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு சரியாக அமராமல் இருக்கலாம். எதுவானாலும் இன்ஜின் ஹெட்டைப் பிரிக்க வேண்டிய வேலை.

இன்ஜெக்‌ஷன் வண்டியானால் சாவியைத் திருப்பியதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டேங்க் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நொடி ‘ங்ங்’ என்று பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் வரும். மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி கிளம்பியதும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் சென்சார் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகம். விளக்கு தெரியக்கூடாது என்று யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்.

அறிகுறி: சைலன்சரிலிருந்து புகை

புகைக்கு நிறம் முக்கியம். எப்போது வருகிறது என்பது அதைவிட முக்கியம்.

காலையில் கிளப்பியதும் மெல்லியதாக வெள்ளை ஆவி வந்து ஒரு நிமிடத்தில் மறைந்துபோனால் அது சைலன்சருக்குள் படிந்த ஈரம். பொருட்படுத்த வேண்டாம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது: அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், சோக் முழுதாகத் திரும்பாதது, கார்புரேட்டர் டியூனிங். சில நூறு ரூபாய்.

பயப்பட வேண்டியது ஆயில் எரியும் புகைக்கு. நம் ஊரில் ‘வெள்ளைப் புகை கக்குகிறது’ என்பார்கள். உண்மையில் அது நீலம் கலந்த புகை, வெயிலில் வெள்ளையாகத் தெரியும். இந்த வண்டிகள் காற்றில் குளிரும் இன்ஜின்கள். உள்ளே போய் எரிவதற்குக் கூலன்ட் எதுவும் கிடையாது. எனவே இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் புகை மறையாமல் தொடர்ந்தால் அது ஆயில்தான்.

ஆனால் எல்லா ஆயில் புகையும் ஒன்றல்ல. ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியைக் கிளப்பியதும் ஒரு குப்பென்று நீலப் புகை வந்து, பிறகு வராமலே போனால் வால்வு சீல் கடினமாகிவிட்டது. ராத்திரியில் சொட்டுச் சொட்டாக ஆயில் உள்ளே இறங்கியிருக்கிறது. உறுதிசெய்ய, இன்னொரு வண்டியில் நண்பரைப் பின்னால் வரச் சொல்லுங்கள். ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டு இறங்கி, கீழே வந்ததும் சட்டென்று கொடுங்கள். அந்த நொடியில் மட்டும் புகை வந்தால் சீல்தான். சீல் விலை சொற்பம். ஹெட்டைக் கழற்றிப் பூட்டும் கூலிதான் செலவு. 1,500 ரூபாய்க்குள் முடியும். விலையில் கழித்துக்கொண்டு தாராளமாக வாங்கலாம்.

ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கப் புகையும் கூடிக்கொண்டே போனால் அது ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் உருளை) தேய்ந்ததன் அடையாளம். போர் வேலை செய்ய வேண்டும், அல்லது பிளாக் பிஸ்டன் செட் புதிதாகப் போட வேண்டும்: 3,500 முதல் 5,000 ரூபாய் வரை. வண்டி மற்றபடி சுத்தமாக இருந்து, விலையும் அதற்கேற்ப இறங்கினால் இதையும் நான் வாங்குவேன். புதிதாகப் போர் செய்த இன்ஜின், என்ன செய்தார்கள் என்றே தெரியாத இன்ஜினைவிட மேல். பெரும்பாலோர் இந்தப் புகையைப் பார்த்தவுடன் திரும்பிப் போய்விடுவதால் பேரத்துக்கும் இடம் இருக்கும்.

இதை மறைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். கெட்டியான ஆயிலை ஊற்றினால் இரண்டு வாரம் புகை அடங்கும். அதனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்ல இன்ஜின். உலர்ந்த கறுப்புக் கரி, பெட்ரோல் அதிகம். ஈரமாக, விரலில் ஒட்டும் கறுப்பு, ஆயில் எரிகிறது. பளபளவென்று புத்தம் புதிய பிளக் இருந்தால் பழைய பிளக்கை எங்கே போட்டீர்கள் என்று கேளுங்கள். இன்ஜின் ஆயில் அளவுக் குச்சியையும் துடைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கறுப்பு ஆயில் குற்றமில்லை, சர்வீஸ் தள்ளிப்போயிருக்கிறது. பால் கலந்த டீ நிறம் என்றால் உள்ளே தண்ணீர். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளித் தூள் மின்னுகிறதா? உள்ளே ஏதோ இரும்பு அரைபடுகிறது, விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இன்ஜினில் சத்தம்

மேல்பக்கத்திலிருந்து தையல் இயந்திரம் போலச் சீராக ‘டிக் டிக்’ என்றால் டேப்பட். 150 ரூபாய், அரை மணி நேரம். டேப்பட்டை அளவுக்கு மேல் இறுக்கிச் சத்தத்தை அடக்கிவிட்ட வண்டிதான் ஆபத்து. அது சூடானதும் ஐட்லிங் நிற்காது, இழுவையும் குறையும். சற்றே சத்தம் போடும் டேப்பட்டை நான் நம்புவேன். சத்தமே இல்லாத பத்து வயது இன்ஜினைச் சந்தேகிப்பேன்.

இன்ஜினின் பக்கவாட்டிலிருந்து சங்கிலியைத் தகரத்தில் உரசுவதுபோல் வந்து, ஆக்ஸிலரேட்டரை விடும்போது கூடினால் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. அட்ஜஸ்டரோடு சேர்த்து 1,000 முதல் 1,500. உடனே மாற்ற வேண்டும், ஆனால் மாற்றிவிட்டால் தீர்ந்தது. அடிவயிற்றிலிருந்து, சுத்தியலைத் துணியில் சுற்றி அடிப்பதுபோல ‘டொக் டொக்’ என்று வந்து, வேகத்தோடு சேர்ந்து ஏறினால் கனெக்டிங் ராடு பேரிங். இது மட்டும் வேண்டவே வேண்டாம்.

எந்தச் சத்தம் எது என்று புரியவில்லை என்றால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேளுங்கள். மருத்துவரின் ஸ்டெதஸ்கோப் போலவே வேலை செய்யும். சத்தம் எங்கே கூடுகிறதோ அங்கேதான் நோய்.

அறிகுறி: சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கியர் நழுவுகிறது

நான்காவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாகக் கொடுங்கள். இன்ஜின் அலறி, வண்டி சோம்பலாக நகர்ந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. பிளேட்டும் கூலியும் சேர்த்து சுமார் 1,200. அதற்கு முன் கேபிளில் சிறிது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள்; கேபிளை அதிகமாக இழுத்துக் கட்டியிருந்தாலும் இதே அறிகுறி வரும்.

கியர் வேறு கதை. என்னை ஏமாற்றியது இதுதான். விற்றவர் கூடவே பின்னால் உட்கார்ந்துகொண்டு, “டிராஃபிக்கில் எதற்கு வேகம்? இரண்டாவதிலேயே போங்கள் தம்பி” என்றார். நானும் போனேன். வீட்டுக்கு வந்த மறுநாள் மதுரை விரகனூர் சுற்றுச்சாலையில் மூன்றாவதில் போய்க்கொண்டிருந்தபோது, காலுக்கடியில் ‘டக்’கென்று ஒரு தட்டு. கியர் லீவர் ஷூவின் மேல்புறத்தை அடித்துவிட்டு வெளியே வந்து நின்றது. இன்ஜின் கத்தியது, வண்டி நின்றுபோனதுபோல் தளர்ந்தது, பின்னால் வந்த லாரி ஹாரனைப் பிடித்துக்கொண்டே தாண்டிப் போனது.

எனவே சோதனை ஓட்டத்தில் ஒவ்வொரு கியரிலும் மூன்று முறை இதைச் செய்யுங்கள்: ஆக்ஸிலரேட்டரை நன்றாகக் கொடுத்து, சட்டென்று விட்டு, மறுபடி கொடுங்கள். கியர் பற்களின் முனை மழுங்கியிருந்தாலோ ஷிஃப்ட் ஃபோர்க் தேய்ந்திருந்தாலோ, இந்த இழுபறியில் நழுவிவிடும். மென்மையாக ஓட்டினால் நழுவாது. காலியான சாலையில், பின்னால் யாரும் உட்காராமல் நீங்கள் மட்டும் ஓட்டுங்கள். ஆதார் அட்டையை அடமானம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், நீங்கள் வந்த வண்டியின் சாவியைக் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள்; பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். நழுவினால், 8,000 ரூபாய் குறைப்பதாகச் சொன்னாலும் விட்டுவிடுவேன். ஒரு கியரின் பல் உதிர்ந்த தூள் இன்ஜினுக்குள் வேறு எங்கெல்லாம் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அறிகுறி: ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறது

சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கத்தை யாராவது அழுத்திப் பிடிக்க, முன்சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். இப்போது ஹேண்டிலை ஒரே விரலால், இடப்பக்கக் கடைசியிலிருந்து வலப்பக்கக் கடைசிவரை மிக மெதுவாகத் தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நேராக வரும் இடத்தில், பழைய மர பீரோவின் கதவு நிலையில் உட்காருவதுபோல் ‘டுக்’கென்று ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து நின்றால், கோன் செட் (ஹேண்டில் தண்டின் பேரிங்) போய்விட்டது. பால்ஸ்கள் ஓடி ஓடிக் கிண்ணத்தில் குழி விழுந்திருக்கிறது. பயப்பட வேண்டாம்: கூலியோடு 600 ரூபாய். இந்தக் குழியால்தான் வண்டி மெதுவாகப் போகும்போது ஹேண்டில் குடிகாரன் நடைபோல் அலைகிறது.

அடுத்து, முன்சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஃபோர்க்கின் அடிப்பகுதி இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். தளர்வு தெரிந்தால் பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் புஷ். இவையும் நூறுகளில் முடியும்.

நூறுகளில் முடியாதது விபத்து. வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளிக் குனிந்து, பின் டயரின் விளிம்பையும் முன் டயரின் விளிம்பையும் ஒரே கோட்டில் பாருங்கள். பிறகு டேங்கின் முன்முனையில், ஹேண்டில் தண்டு சேசிஸில் நுழையும் இடத்துக்கு டார்ச் அடியுங்கள். நேருக்கு நேர் மோதிய வண்டியின் கதை அங்கேதான் எழுதியிருக்கும்: பெயின்ட் மெல்லிய கோடுகளாக வெடித்திருக்கும், அல்லது அந்த இடம் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கும், அல்லது வெல்டிங் மணிகள் மற்ற இடத்தைப்போலச் சீராக இல்லாமல் கட்டி கட்டியாக இருக்கும். ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது இடித்து நிற்கும் ஸ்டாப்பரையும் பாருங்கள்; நசுங்கியிருந்தால் முன்சக்கரம் பெரிய அடி வாங்கியிருக்கிறது. சேசிஸ் நம்பரும் பெரும்பாலும் அந்தத் தண்டுப் பகுதியில்தான் குத்தியிருக்கும். அதை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி உரசிய தடம் இருந்தால் பேச்சே வேண்டாம்.

சாய்ந்து விழுந்ததை வேறு இடங்கள் சொல்லும். லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் முனை, லெக் கார்டு, சைலன்சர், இடப்பக்கச் சேலைக் கார்டு. எல்லாம் ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் ஒரே விழுகை. நிறுத்திவைத்த இடத்தில் சாய்ந்ததாகவும் இருக்கலாம். நம் ஊரில் சைடு ஸ்டாண்டிலிருந்து சாயாத வண்டி ஏது? ஒரு பக்க லீவர் மட்டும் புதிது, மறுபக்கம் பழையது என்றால் ஏன் என்று கேளுங்கள்.

ஃபோர்க் குழாய் வளைந்திருந்தால் மாற்றிவிடலாம், 2,000 முதல் 3,000 ரூபாய் ஆகும். சேசிஸ் வளைந்த வண்டியை யாராவது இலவசமாகத் தந்தாலும் வாங்க மாட்டேன். மழையில் வளைவில் திரும்பும்போது அதன் குணம் தெரியும்.

அறிகுறி: மீட்டர் மிகக் குறைவாகக் காட்டுகிறது

எட்டு வயது வண்டி, 19,000 கிலோமீட்டர். “அப்பா கோவிலுக்கு மட்டும் ஓட்டுவார்.” அப்படிப்பட்ட அப்பாக்கள் இருக்கிறார்கள், ஆனால் விற்பனைக்கு வரும் வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் இல்லை. மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் எண் நகராது. கோவிலுக்கு மட்டும் போன வண்டியின் கிக்கர் ரப்பரிலும் கியர் லீவரிலும் வரிகள் அப்படியே இருக்க வேண்டும். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுவழுவென்று ஆகி, சாவியின் பற்கள் மழுங்கி, ஆக்ஸிலரேட்டர் பிடி பளபளத்தால், மீட்டர் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

டயரிலும் ஒரு சாட்சி உண்டு. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. 2018 வண்டியில் 2024 டயர் இருந்தால் முதல் டயர் தேய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் 19,000-ஐக் காட்டினால் கணக்கு உதைக்கிறது. மாறாக, பழைய டயரே வெடிப்புகளோடு இருந்தால் புது டயர் இரண்டுக்கும் 3,500 ரூபாய் ஒதுக்குங்கள். நான் மீட்டரைப் பெரிதாக நம்புவதில்லை. ஆனால் மீட்டரைத் திருத்தியவர் வேறு எதையெல்லாம் திருத்தினார் என்பதை யோசிக்கிறேன்.

அறிகுறி: எங்கெங்கோ மெல்லிய சேறு, பச்சைப் பூஞ்சை

2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னையும், அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் வெள்ளத்தில் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நின்ற இடத்திலேயே டேங்க் வரை மூழ்கிய வண்டிகளைக் கழுவிப் பாலிஷ் போட்டு, வேறு மாவட்டத்தில் விற்பது நடக்கிறது. அந்த ஊர் வண்டிகள் எல்லாம் அப்படி என்று சொல்லவில்லை. எந்த ஊர் வண்டியானாலும் பாருங்கள் என்கிறேன்.

கழுவ முடியாத இடங்கள் இருக்கின்றன. சீட்டைக் கழற்றி ஸ்பாஞ்சின் அடியை முகர்ந்து பாருங்கள். பக்கவாட்டு கவரைத் திறந்து வயரிங் கனெக்டர்களைப் பிரித்தால் செம்புக் கம்பிகளில் பச்சை படிந்திருக்கும். ஹெட்லைட் கண்ணாடிக்குள் பாதி உயரத்தில் தண்ணீர் நின்ற கோடு, மீட்டருக்குள் ஆவி, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் வறண்ட வண்டல். டேங்கைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தால் சிவந்த துருப் பொருக்குகள். கார்புரேட்டர் வண்டியானால் இதையெல்லாம் ஒரு மாதம் மெனக்கெட்டுச் சரிசெய்யலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியானால் சென்சாரும் கன்ட்ரோல் யூனிட்டும் எப்போது எது போகும் என்று சொல்ல முடியாது.

டேங்கில் துரு வெள்ளமில்லாமலும் வரும். மாதக் கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில், பெட்ரோலில் கலந்த எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

செயின், பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறம் இழுத்தால் பல்லைவிட்டு எழும்புகிறதா, பற்கள் சுறாமீன் துடுப்புபோல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? செயின் செட் 1,200 ரூபாய். பிரேக் பிடித்தால் ‘கீச்’ என்றால் லைனர். ஃபோர்க்கில் ஆயில் கசிந்தால் சீல். ஹாரன், இண்டிகேட்டர் வேலை செய்யவில்லை என்றால் ஓர் எலக்ட்ரீஷியன். இவை எதற்கும் வண்டியை விடக்கூடாது. எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொண்டு கூட்டிப் பேரத்தில் வைக்க வேண்டும். விற்பவர் உங்களைவிடக் குறைவாகத்தான் குறித்திருப்பார்.

அறிகுறி: “பெயர் மாற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்”

சேசிஸ் வளைந்த வண்டியாவது ஓடும். காகிதம் வளைந்த வண்டியை எங்கேயும் நிறுத்த முடியாது. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் நிற்கிறதா என்பது தெரியும். நிலுவையில் உள்ள அபராதங்களையும் இணையத்திலேயே பார்க்கலாம். ஒரு முறை 11 ஹெல்மெட் அபராதத்தோடு ஒரு வண்டி என்னிடம் வந்தது.

கடனில் வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கும். “கடன் முடிந்துவிட்டது” என்ற வாய்ச்சொல் போதாது. ஃபைனான்ஸ் தரும் என்.ஓ.சி.யும் (தடையின்மைச் சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கையில் வர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உரிமையாளர் இறந்துவிட்டு மகன் விற்கிறார் என்றால் முதலில் படிவம் 31 வழியாக அவர் பெயருக்கு மாறட்டும். புதுச்சேரி, கர்நாடகம், கேரளப் பதிவு வண்டி மலிவாகக் கிடைத்தால், அங்கிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியும் கட்ட வேண்டும் என்பதைக் கூட்டிப் பாருங்கள். மலிவு பெரும்பாலும் மறைந்துவிடும்.

பதிவு 15 ஆண்டுகள்தான் செல்லும். 2011 வண்டியை இப்போது வாங்கினால் புதுப்பிக்கும் கட்டணம், பசுமை வரி, தகுதிச் சோதனை எல்லாம் உங்கள் தலையில். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியில் தொழிற்சாலை உயர்பாதுகாப்பு எண் பலகை இருக்க வேண்டும். சாதாரணப் பலகை மாட்டியிருந்தால் காரணம் கேளுங்கள்.

விற்பவர் 14 நாளுக்குள் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும், வாங்குகிறவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். இழுத்தடிக்கிற விற்பனையாளருக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதைக் கேட்டதும் மறுநாளே ஆர்.டி.ஓ. அலுவலகம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். ஆட்டோ கன்சல்டிங் கடையில் வாங்கினால், பழைய உரிமையாளர் வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துப் போயிருப்பார்; அவரது தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, கடையில் நின்றபடியே ஒருமுறை பேசிவிடுங்கள்.

பேரத்துக்கு உட்காரும்போது

நான் வைத்திருக்கும் கணக்கு இப்படி. கேட்கும் விலை 42,000. செயின் செட் 1,200, பேட்டரி 1,200, கோன் செட் 600, வால்வு சீல் 1,500, ஆயில் மாற்றிப் பொதுச் சர்வீஸ் 800. மொத்தம் 5,300. இதைத் தாளில் எழுதி நீட்டினால், “இதெல்லாம் பழைய வண்டிக்குச் சகஜம் அண்ணே” என்பார்கள். சகஜம்தான். நான் 36,000-க்குத் தொடங்கி 38,000-இல் நிற்பேன். அட்வான்ஸாக 1,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பதில்லை. மீதியை, படிவம் 29, 30-இல் என் கண்ணெதிரே கையெழுத்தாகி, இரண்டு சாவியும் அசல் ஆர்.சி.யும் கைக்கு வந்த பிறகு வங்கிவழி அனுப்புகிறேன். இரண்டாவது சாவி தொலைந்துவிட்டது என்றால் இன்னொரு 500 குறையும். லாக் செட்டை மாற்றிவிட்டுத்தான் அந்த வண்டியைத் தெருவில் நிறுத்துவேன்.